அக்கரையில் இறங்காத நல்லரத்தினம்

வந்தவரைப் பாயோடு ஒட்டவைக்கிற ஊர் என்று மட்டக்களப்பைச் சொல்வார்கள். மனிதரை ஒட்டவைத்த கதை அங்கே ஆளுக்கொன்று இருக்கும். கப்பலை ஒட்டவைத்த கதை ஒன்றுதான் உண்டு. அந்தக் கப்பலோடு சேர்ந்து ஒட்டிப்போனவர் நல்லரத்தினம்.

கப்பல் என்பது ஊர் மரியாதைக்குச் சொன்னது. உண்மையில் அது ஓர் இழுவைப் படகு. திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைக்கு வேலை செய்தது. பெரிய கப்பல்கள் தாமாகத் திரும்ப முடியாமல் நிற்கும்போது கிடாய் மாதிரிப் போய் முட்டித் தள்ளும், வடம் போட்டு இழுக்கும். கட்டையான உடம்பு, சாம்பல் நிறம், பெயர் கிடையாது, இலக்கம் மட்டும். நேவிக்காரர் கண்டதற்கெல்லாம் இலக்கம் வைப்பார்கள். நல்லரத்தினத்துக்கும் ஒன்று வைத்திருந்தார்கள். அவர் படையாள் இல்லை, சம்பளத்துக்குச் சேர்ந்த என்ஜின்காரர். இளந்தாரியாகப் போனவர், தலை நரைக்கும் வரைக்கும் அந்த ஒரே என்ஜினோடு கிடந்தார். லீவு கிடைத்தால் மட்டக்களப்பு நாவலடிக்கு வந்து மனைவி அன்னப்பூரணியையும் மகள் தக்ஷாயினியையும் பார்த்துவிட்டு ஓடுவார். "என்னோட இருந்த நாளவிட அந்த மெசினோட இருந்த நாள்தான் கூட. அதுக்கும் ஒரு தாலியக் கட்டியிருக்கலாம்" என்பாள் அன்னப்பூரணி. அவளுடைய நாக்குக்கு எண்ணெய் போட வேண்டிய தேவை ஒருநாளும் வந்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், படகு கிழண்டிப்போயிற்று என்று கடற்படை அதைக் கழித்தது. அதே காலத்தில் மட்டக்களப்பு வாவியில் பாதை ஒன்று மோட்டர் எரிந்து கிடந்தது. அந்தப் பக்கத்தில் பாதை என்றால் தெரு இல்லை. வாவியின் கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் இடையில் சனத்தையும் சைக்கிளையும் உழவு மெசினையும் ஏற்றிப் போகிற அகலமான மிதவை. கழித்த படகைக் கொண்டுவந்து பாதையைத் தள்ளவிட்டால் என்ன என்று ஒரு பெரிய மனிதருக்கு யோசனை வந்தது. மாரி வெள்ளத்துக்கு முகத்துவாரம் உடைத்துத் திறந்திருந்த நேரம் பார்த்துப் படகு கடலிலிருந்து வாவிக்குள் நுழைந்தது. என்ஜினில் நின்றவர் நல்லரத்தினம்தான். வெள்ளம் வடிய மணல் வந்து வாயை மூடிக்கொண்டது. படகு உள்ளே, கடல் வெளியே. இனிப் போவதென்றால் இறகு முளைக்க வேண்டும். வாவியிலும் ஆழம் பார்த்து அது ஓடக்கூடிய தடம் ஒன்றே ஒன்று. எழுவான்கரையில் ஆலையடித்துறை, அங்கிருந்து நேரே அக்கரை, மறுபடி ஆலையடித்துறை. திருகோணமலையில் கப்பல்களை ஆட்டிவைத்தது, செக்குமாடாக வந்து நின்றது.

ஆனால் செக்குமாட்டுக்கு ஒரு முதலாளிதான். இதற்கு இரண்டு. எழுவான்கரை இராணுவத்தின் கையில், படுவான்கரை இராணுவத்தை எதிர்த்த இயக்கத்தின் கையில். நேவியின் சாம்பல் நிறத்தோடு வந்தால் சுடுவோம் என்று அக்கரையில் சொன்னார்கள். அரசாங்கச் சொத்தில் வேறு நிறம் பூசினால் உள்ளே போடுவோம் என்று இக்கரையில் சொன்னார்கள். படகு துறையில் திரும்புவதில்லை. போகும்போது மூக்கால் பாதையைத் தள்ளிக்கொண்டு போகும், வரும்போது பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு வரும். ஆகவே அக்கரை பார்க்கிற முன்பாதிக்குப் பச்சை பூசினார்கள், இக்கரை பார்க்கிற பின்பாதியைச் சாம்பலாகவே விட்டார்கள். இரண்டு பக்கமும் தங்கள் சொல்தான் எடுபட்டது என்று திருப்திப்பட்டார்கள். மதில்மேல் பூனைக்கு உயிர்மேல் ஆசை இருந்தால் அப்படித்தான் நிறம் வைத்திருக்கும்.

மேலே சுக்கான் பிடித்தவன் காத்தான்குடி முனாப். முன்னால் போ, மெதுவாக்கு, பின்னால் போ என்று மணியடித்துச் சொல்வான். கீழே இரும்புக் கிடங்குக்குள் நல்லரத்தினம் அதைக் கேட்டு என்ஜினை ஓட்டுவார். வெளியில் நடப்பது ஒன்றும் அவருக்குத் தெரியாது. தலைக்கு மேல் கால்கள் நடக்கிற சத்தம் மட்டும் கேட்கும். அந்த என்ஜினுக்கு ஒரு பொல்லாத குணம் இருந்தது. இரும்புப் போத்தலில் அழுத்தி அடைத்த காற்றைத் திறந்துவிட்டால்தான் அது உசும்பும். காற்றை நிரப்புகிற பம்பு ஆலையடித்துறையில் மட்டும்தான். ஒருதரம் நிரப்பினால் ஒருதரம்தான் ஸ்டார்ட். ஆகவே காலையில் இக்கரையில் ஓடத் தொடங்கினால் பொழுதுபட இக்கரையில்தான் நிறுத்தலாம். அக்கரையில் நிறுத்தினால் போயிற்று. அதனால் ஓடுகிற என்ஜினை விட்டு நல்லரத்தினம் அக்கரையில் இறங்குவதே இல்லை. இது எல்லோரும் ஒப்புக்கொண்ட நியாயம். பிறகு இந்த நியாயம் அவருக்கு வேறொன்றுக்கும் உதவியது.

இரண்டாயிரத்து ஒன்றில் தக்ஷாயினி ஒருவனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் கூடப் படித்த ஜெயரூபன். படித்து முடித்தும் வேலை தேடி அலையாமல் தகப்பன் விட்ட வட்டையில் போய் இறங்கி நெல் விதைத்தவன். ஒரு சொல்லுக்கு மறுசொல் பேசாத பெடியன். நல்லரத்தினத்துக்கு அவனில் ஒரு குறையும் இல்லை. அவன் பிறந்த கரைதான் குறை. நேவிப் படகை ஓட்டுகிறவனுக்கு இயக்கம் இருக்கிற பக்கத்தில் மருமகன் என்றால் யார் சும்மா விடுவார்கள்?

மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வர வேண்டும். தாயின் வீடு மகளுக்குப் போகும். பெற்றவர்கள் அதே வளவில் ஒரு குடிலைப் போட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். நாவலடி வீடு அன்னப்பூரணிக்கு அவளுடைய தாய் கொடுத்தது. நல்லரத்தினம் அதில் மாப்பிள்ளையாக வந்து ஏறியவர். கூரையில் ஓர் ஓடுகூட அவருடையதில்லை. ஆனாலும் வாசலில் குறுக்கே நின்றவர் அவர்தான்.

"என்ட உசிர் இருக்குமட்டும் அவன் இந்தப் படி ஏறக்கூடாது."

"வீடு என்ட. குடுக்கிறது நான். தடுக்கிறதுக்கு நீங்க ஆரு?" என்றாள் அன்னப்பூரணி.

"ராவையில ஆமி வந்து கதவத் தட்டினா ஆரு எழும்பிப் போய்ப் பதில் சொல்லுற? நானா, உன்ட கொம்மாவா?"

அந்தக் காலத்தில் அந்தக் கேள்விக்கு எவரிடமும் பதில் இருந்ததில்லை. கதவு தட்டுகிற பயம் மனிதரை எதையும் பேசவைக்கும். நல்லரத்தினம் பயந்தார், அதுதான் உண்மை. பயந்தேன் என்று சொல்லாமல் கூடாது என்று சொன்னார்.

தக்ஷாயினி அக்கரைக்குப் போய் மாமியார் வீட்டில் குடியிருந்தாள். பெண் போய் மாப்பிள்ளை வீட்டில் இருக்கிறதாம் என்று நாவலடியில் மூக்கில் விரல் வைத்தார்கள். அன்னப்பூரணி கிழமைக்கொருக்கா மீனும் கீரையும் கட்டிக்கொண்டு பாதையில் ஏறுவாள். என்ஜின் கிடங்கு வாசலில் குனிந்து "போயிட்டு வாறன்" என்பாள். திரும்பும்போது எருமைத் தயிர் முட்டி ஒன்று கையில் இருக்கும். அந்தத் தயிர் யார் வீட்டு எருமையினுடையது என்று நல்லரத்தினம் ஒருநாளும் கேட்டதில்லை. சீனி போட்டு வழித்துச் சாப்பிடுவார். தயிருக்குக் கரை கிடையாது போலும்.

"ஒருக்கா இறங்கித்தான் வாங்களன். புள்ள துறையடியில நிக்கா" என்று அன்னப்பூரணி சில நாள் கெஞ்சுவாள்.

"என்ஜின ஆரு பாக்கிற?"

"அந்த என்ஜினத் தூக்கி வாவிக்குள்ள போட" என்று அவள் போய்விடுவாள். தக்ஷாயினி என்றால் அவருக்கு உயிர். லீவில் வரும்போதெல்லாம் தோளிலிருந்து இறக்காமல் வைத்திருந்த பிள்ளை. இன்றைக்கு இறங்கலாம், நாளைக்கு இறங்கலாம் என்று எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நிற்பார்.

இரண்டாயிரத்து நான்கில் நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமிப் போயா லீவு என்று சனம் குறைவு. பாதை நடு வாவியில் போகும்போது என்ஜின் ஒரு மாதிரி முனகியது. மேலே முனாப் கத்தினான். "அண்ணன், வாவி பின்னுக்கு ஓடுது! இதென்ன புதினம்!" நல்லரத்தினம் வேகத்தைக் கூட்டி ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் அடங்கியது. கரைக்கு வந்த பிறகுதான் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன், கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று அழுதுகொண்டே சொன்னான். நாவலடி, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற ஒரு மணல் துண்டு. வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அன்னப்பூரணியை மறுநாள் தாழம்புதருக்குள் கண்டார்கள். அவளை அவர் காதுத் தோட்டால்தான் அடையாளம் பிடித்தார். முகத்தால் பிடிக்க முடியவில்லை. வீடு நின்ற இடத்தில் சீமெந்துத் தரை மட்டும் கழுவித் துடைத்த மாதிரிக் கிடந்தது. கூட வந்த முனாப் தோளைத் தொட்டான்.

"புள்ளைக்குச் சொல்லணும் அண்ணன். நான் ஆள் அனுப்புறன். அவ வரட்டும்."

"வேணாம்."

"பெத்த தாயல்லவா? நாளைக்கு அவ கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"வேணாம் எண்டா விடு."

மகள் தாயை அந்தக் கோலத்தில் பார்க்கக் கூடாது. அவர் மனதில் இருந்தது அதுதான், வேறொன்றும் இல்லை. உடுத்திருந்த சாரத்தை அவிழ்த்துச் சுற்றி, முனாப் கொடுத்த துவாயைத் தான் கட்டிக்கொண்டு, அந்த மணலிலேயே குழி வெட்டி அவளைத் தாட்டார். தேவாரம் பாட ஆளில்லை. பக்கத்தில் வேறு ஆட்களும் தங்கள் தங்கள் ஆட்களைத் தாட்டுக்கொண்டிருந்தார்கள்.

தக்ஷாயினி வந்தபோது மண் மூடி ஆறிவிட்டது. நாவலடிக்குப் போய்விட்டு நேரே ஆலையடித்துறைக்கு வந்தாள். கூட ஜெயரூபன். நல்லரத்தினம் படகின் விளிம்பில் குந்தியிருந்தார். அவள் கரையில் நின்று சனத்துக்கு முன்னால் கேட்டாள்.

"எனக்குக் காட்டாம எப்பிடித் தாட்டீங்க அப்பா? வீடு இல்ல எண்டீங்க, சரியெண்டு போனன். அம்மாவும் இல்லயா எனக்கு?"

அவர் எழும்பவும் இல்லை, வாய் திறக்கவும் இல்லை. அம்மா இருந்த இருப்பை நீ தாங்கமாட்டாய் மகள் என்று சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வரிக்கு மனிதருக்கு வாய் வரவில்லை. என்ஜின் சத்தத்துக்குள் கிடந்து கிடந்து அவருக்குப் பேச்சு மறந்துபோயிற்று என்று முனாப் வக்காலத்து வாங்குவான். அது பாதி உண்மை. பெண்களுக்கு முன்னால் அழுதுவிடுவோமோ என்ற பயம் மற்றப் பாதி. தக்ஷாயினி பாதையில் ஏறவில்லை. மீன்காரர் தோணி ஒன்றில் ஏறிப் போனாள். அதற்குப் பிறகு அவள் எழுவான்கரைக்கு வருவதென்றால் தெற்கே வேறு துறையால் வந்து போனாள்.

அலை கொண்டுபோன வீடுகளுக்குப் பதிலாகத் திராய்மடுவில் புது வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். கட்டிக் கொடுத்தவர்கள் வெளியூர்க்காரர். குடும்பத் தலைவர் யார் என்று கேட்டார்கள், ஆம்பிளையின் பெயரை எழுதினார்கள். நல்லரத்தினத்தின் கையில் ஒரு பூட்டும் அதன் திறப்பும் வந்து விழுந்தன. முனாப் சந்தோசப்பட்டான். இவருக்கோ வெட்கமாகப் போயிற்று.

"ஆம்பிளைட பேரில வீடா? கேட்டாச் சிரிப்பாங்க தம்பி. இது அன்னப்பூரணிட வீட்டுக்கு ஈடாத் தந்தது. அவட புள்ளைக்குத்தான் சேரணும்."

ஒருநாள்கூட அங்கே படுக்கவில்லை. கூட்டித் துடைத்துப் பூட்டி, திறப்பை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். பகலெல்லாம் ஓடுகிற படகிலேயே இரவும் பாயை விரித்தார். சோறும் அங்கேதான், தூக்கமும் அங்கேதான். முனாப் வீட்டுக்குப் போன பிறகு பேச ஒரு சீவன் கிடையாது. ஆறிக்கொண்டிருக்கிற என்ஜின் இடைக்கிடை டக் டக்கென்று சுருங்கும். அதற்கு "ஓம், ஓம்" என்று பதில் சொல்வார். மகளும் மருமகனும் அந்தத் திறப்பை வாங்கி அந்தப் படியில் ஏற வேண்டும். அவருடைய வாழ்க்கையில் மிச்சமிருந்த ஆசை அந்த ஒன்றுதான்.

முனாப்பைத் தூது விட்டார். அவன் போய்வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"என்னடா சொன்னா?"

"வாய் இருந்தா வங்காளமும் போகலாம் எண்டுவாங்க, அப்பாக்கு வாயும் இரிக்கி, காலும் இரிக்கி, இந்தக் கரைக்கு வாறதுக்கு மட்டும் என்னவாம் எண்டு கேட்டா. அவர் வந்து தன்ட வாசல்ல நிண்டு தந்தா வாங்குவாவாம். ஆள்விட்டுத் தந்தா வாவிக்குள்ள எறிவாவாம்."

"வயித்தில எத்தின மாசம்?" என்று கேட்டார். அவள் பிள்ளைத்தாய்ச்சி என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று முனாப் அதிசயப்பட்டான். பாதையில் வருகிற ஒவ்வொருவரிடமும் காதைக் கொடுத்து வைத்திருந்தார் என்பது அவனுக்குத் தெரியாது.

போகத்தான் இருந்தார். நல்ல நாள் பார்த்தார். மாமாங்கத் தீர்த்தம் முடியட்டும் என்று அமிர்தகழித் திருவிழாவைச் சாட்டினார். அதற்குள், சமாதானம் என்று சில வருடம் ஓய்ந்திருந்த சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. படகு ஆட்கள் அக்கரையில் கால் வைக்கக் கூடாது என்று இராணுவம் கட்டளை போட்டது. இறங்காமல் இருப்பதற்கு முன்பு ஒரு காரணம் இருந்தது, இப்போது இரண்டு. அவருக்கு உள்ளூர ஓர் ஆறுதல்கூட வந்தது. அப்படி ஆறுதல் வந்ததற்காகத் தன்னையே வெறுத்தார்.

இரண்டாயிரத்து ஏழு மார்ச்சில் படுவான்கரைமேல் பீரங்கிச் செல் விழத் தொடங்கியது. விடிந்ததும் விடியாததுமாய் அக்கரை முழுதும் சனம். பெட்டி, படுக்கை, கோழி, கிழவர், குழந்தை. பாதை கொள்ளுமட்டும் ஏறியது, இறக்கியது, மறுபடி போனது. நல்லரத்தினம் கிடங்குக்குள் நின்று வேர்த்துக் கொட்டினார். தலைக்கு மேல் கால்கள், கால்கள், கால்கள். ஒவ்வொருதரமும் "கண்டியா?" என்று மேலே பார்த்துக் கத்துவார். "காணல்ல அண்ணன்" என்று முனாப் கத்துவான். நூற்றுக்கணக்கான தலைகளுக்குள் சுக்கானையும் பிடித்துக்கொண்டு அவன் யாரைக் காண்பது?

மத்தியானம் பாதை மறுபடி அக்கரையில் அணைய, செல் ஒன்று கிட்டத்தில் விழுந்தது. சனம் குழறியது. அப்போது அவர் செய்ததை முனாப் பிறகு எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறான், ஒருவரும் நம்பியதில்லை. எண்ணெயை அடைத்தார். என்ஜின் இரண்டு இருமல் இருமி நின்றது. வருடக்கணக்காக அந்தத் துறையில் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அறுந்தது. அவர் ஏணியால் ஏறி வந்தார்.

"அண்ணன்! என்ன வேலை செய்தீங்க? காத்து இல்லயே!"

"ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

வருகிற சனத்துக்கு எதிரே அவர் நடந்தார். எல்லோரும் கிழக்கே, அவர் மட்டும் மேற்கே. வீடு தெரியாது. ஜெயரூபன் வீடு எது என்று கேட்டுக் கேட்டு, வட்டை ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு வீட்டைப் பிடித்தார். கதவு திறந்து கிடந்தது. கொடியில் சின்னஞ்சிறு சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. சண்டை தொடங்கிய பிறகு அக்கரைச் சேதி அவர் காதுக்கு வருவது நின்றிருந்தது. குழந்தை பிறந்துவிட்டது என்பதை அந்தச் சட்டைகள்தான் அவருக்குச் சொன்னன. "தக்ஷாயினி!" என்று கூப்பிட்டார். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி ஆறு வருடம் ஆகியிருந்தது. எருமைக் கன்று ஒன்றுதான் திரும்பிப் பார்த்தது. அதை அவிழ்த்துவிட்டார்.

பக்கத்து வளவில், போகமாட்டேன் என்று மகன்மாரோடு சண்டை பிடித்துத் தங்கிவிட்ட கிழவர் ஒருவர் இருந்தார்.

"அந்தப் புள்ளயா? விடியவே போயிற்று. அவட புருசன இயக்கப் பொடியனுகள் சாமான் தூக்க எண்டு காட்டுப் பக்கம் கூட்டிக்குப் போயிற்றானுகள். அவ கைக்குழந்தையோட பாதையால போனா. முதல் பாதையால."

முதல் பாதை. அவர் ஓட்டிய பாதை. தலைக்கு மேல் நடந்த கால்களில் இரண்டு அவளுடையவை. தகப்பன் கீழே நிற்கிறான் என்று தெரிந்துகொண்டே, கிடங்கு வாசலைத் தாண்டிப் போயிருக்கிறாள், கூப்பிடவில்லை. நல்லரத்தினம் அந்த வாசற்படியில் இருந்து வாய்விட்டு அழுதார். அன்னப்பூரணிக்கு அழாத அழுகையும் சேர்ந்து வந்தது.

துறைக்குத் திரும்பியபோது பாதை நிறையச் சனம் நின்று அவரை ஏசியது. உன் பிள்ளைக்காக எங்கள் பிள்ளைகளைச் சாகக் கொடுக்கிறாயா என்று ஒரு பெண் மண்ணை வாரி எறிந்தாள். அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். அவள் கேட்டதில் பிழை இல்லை. என்ஜினுக்குக் காற்று இல்லை. கடைசியில் மீன்காரர் தோணிகளை வரிசையாகக் கட்டி, தண்டு வலித்து, பாதையையும் படகையும் சேர்த்து இழுத்தார்கள். யுத்தக் கப்பல்களை இழுத்த படகு, இறால் பிடிக்கிற தோணிகளின் பின்னால் பேசாமல் போயிற்று. நல்ல காலம், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் செல் விழவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் அது செய்த கடைசிப் பயணம். பாதைக்கு வேறு மோட்டர் பூட்டினார்கள். பச்சையும் சாம்பலுமாக அது துறையோரச் சேற்றில் குந்திவிட்டது. நல்லரத்தினத்தை வேலையால் நிறுத்தினார்கள். படகில் படுக்க வேண்டாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அவர் அகதி முகாம் முகாமாகத் தேடினார். களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கண்டார். வகுப்பறையில் வாங்கு மேசைகளை ஒதுக்கிச் சேலையால் மறைத்த ஒரு மூலை. மடியில் குழந்தை. பெண் குழந்தை. அவர் போய் முன்னால் நிலத்தில் இருந்தார். இந்த முறை வாய் வந்தது.

"அம்மா பாக்கிற மாதிரி இருக்கல்ல மகள். முகம் இல்ல. அத நீ பாக்கக்கூடாதெண்டுதான் தாட்டன். வேற ஒண்டுக்குமில்ல."

தக்ஷாயினி அழத் தொடங்கினாள்.

"இத அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அப்பா. ஒரு சொல்லு. அண்டைக்கே சொல்லியிருந்தா நான் உங்களக் கட்டிப்பிடிச்சு அழுதிட்டு உங்களோடயே இருந்திருப்பன். நாங்க அந்தக் கரைக்குத் திரும்பிப் போயிருக்கமாட்டம். அவர் இண்டைக்கு என்னோட இருந்திருப்பார்."

அவர் திறப்பை அவிழ்த்து அவள் முன்னால் வைத்தார்.

முகாமால் விட்டதும் அவளைத் திராய்மடுவுக்குக் கூட்டிப் போனார். மூட்டையை உள்ளே வைத்தார், அடுப்புக்கு மூன்று கல் வைத்துக் கொடுத்தார். வழக்கப்படி தகப்பன் மகளோடு அந்த வளவில்தான் இருக்க வேண்டும். தன் பாயை எங்கே விரிக்கலாம் என்று சுற்றிப் பார்த்தார். மாமரக் கன்றடியில் ஒரு சின்னக் குடில் போட இடம் இருந்தது. குழந்தை தவழ்ந்து வந்தால் அங்கிருந்தே தூக்கலாம். அப்போது தக்ஷாயினி வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, நீங்களும் இஞ்ச இரிங்க எண்டு சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனா நீங்க துறைக்கே போங்க."

"ஏன் மகள்?"

"அவர் எந்தப் பக்கத்தால வந்தாலும் எங்களத் தேடி அந்தத் துறைக்குத்தான் வருவார். அங்கால வீட்டில இப்ப ஆருமில்ல, செல் விழுந்து கூரையும் போயிற்று. நாவலடியும் இல்ல. இப்பிடி ஒரு வீடு எங்களுக்கு இரிக்கெண்டு அவருக்கு என்னெண்டு தெரியும்? ஆரு சொல்லுற?" அவள் வாசற்படியைக் காட்டினாள். "அம்மாட வீட்டுப் படி ஏறாத எண்டது நீங்க. இந்தப் படியில ஏறு எண்டு சொல்லுறதும் நீங்களாத்தான் இரிக்கணும்."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் அவர் இரண்டு நாள் கழித்து ஒரு பலாப்பழத்தோடு திரும்பி வந்திருப்பார். அவள் சொன்னது நியாயம். நல்லரத்தினம் சுருட்டிய பாயை விரிக்காமலே எடுத்துக்கொண்டு துறைக்குத் திரும்பினார்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு மே மாதம், யுத்தம் முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். நகரத்தில் வெடி கொளுத்தினார்கள். துறைக் காவலரணில் பாற்சோறு பங்கிட்டார்கள். அவருக்கும் ஒரு துண்டை வாழையிலையில் வைத்துக் கொடுத்தார்கள். அவர் அதைக் கையில் பிடித்தபடி, பாதையில் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் இரும்பு வியாபாரிகள் வந்து படகைத் துண்டு துண்டாக வெட்டி லொறியில் ஏற்றினார்கள். என்ஜினைத் தூக்கும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து டிக்கெட் கொட்டிலின் தாழ்வாரத்தில் படுத்தார். முனாப் சவூதிக்குப் போய்விட்டான். கிழமைக்கொருக்கா தக்ஷாயினி மகளைக் கூட்டிக்கொண்டு சோறு கொண்டுவருவாள். சாப்பிட்டு முடியும் வரைக்கும் இருவரும் வாவியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வவுனியா முகாம்களிலிருந்தும் தடுப்புக் காவலிலிருந்தும் விடப்பட்ட ஆட்கள் ஒருவர் இருவராக வரத் தொடங்கினார்கள். ஊருக்குப் போக அந்தத் துறையில்தான் ஏற வேண்டும். பையோடு ஒரு இளந்தாரி பஸ்ஸால் இறங்கினால் போதும், நல்லரத்தினம் எழும்பிப் போவார். கண் மங்கிவிட்டதால் கிட்டப் போய்த்தான் முகத்தைப் பார்ப்பார். அது ஜெயரூபன் இல்லை என்று தெரிந்த பிறகும் கையைப் பிடித்துக்கொள்வார்.

"தம்பி, ஜெயரூபன் எண்டு ஒரு பொடியன். அங்கால வட்டை செய்தவன். எங்கயும் கண்டா ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்க. திராய்மடுவில அவனுக்கு வீடு இரிக்கி. பொஞ்சாதியும் புள்ளயும் அங்கதான். நேர வரச் சொல்லுங்க."

வந்தவன் தலையாட்டிவிட்டு நகரப் பார்ப்பான். அவர் கையை விடமாட்டார்.

"மாமாதான் வரச்சொன்ன எண்டு சொல்லுங்க. மறந்துபோயிராதீங்க மனே. மாமாதான் சொன்ன."